சிறு வீடும் வரிசை வீடும்: வரைபடத்தை முடிவு செய்யும் முன்

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வாடிக்கையாளர்கள் வட்டி விகிதத்தைப் பலமுறை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். தவணைக் காலத்தைக் கூட்டியும் குறைத்தும் கணக்கிடுகின்றனர். கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தை அதே கவனத்துடன் படிப்பவர்கள் மிகச் சிலரே. வட்டி விகிதம் இடையில் மாறக்கூடும். கடனை வேறொரு வங்கிக்கு மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால் தவறான இடத்தில் எழுந்துவிட்ட சுவரையோ, வெளிச்சம் புகாத அறையையோ திருத்துவது எளிதன்று. அதிலும் சிறு மனையில் தனி வீடு கட்டுவோரும், இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர் அமைந்த வரிசை வீட்டை வாங்குவோரும் வரைபடத்தில் செய்யும் பிழையின் விளைவை நாள்தோறும் உணர்வர். பெரிய வீட்டில் ஒரு மூலை வீணானால் தாங்கலாம். சிறிய வீட்டில் அதற்கு இடமில்லை.

பரப்பளவும் பணமும்

முதலில் பரப்பளவைப் புரிந்துகொள்ள வேண்டும். விளம்பரங்களில் கூறப்படும் பரப்பும் நாம் புழங்கும் பரப்பும் ஒன்றல்ல. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் ‘கார்ப்பெட் ஏரியா’ என்பதற்குத் தெளிவான இலக்கணம் வகுத்துள்ளது. வெளிச்சுவர்கள், குழாய்களுக்கான செங்குத்துக் குழிகள், பால்கனி, வராந்தா, திறந்த மொட்டைமாடி ஆகியவை நீங்கலாக, உட்சுவர்களைச் சேர்த்துக் கணக்கிடப்படும் நிகரப் பரப்பே அது. இரண்டு வீடுகளின் விலையை ஒப்பிடும்போது இந்தப் பரப்பையே அளவுகோலாகக் கொள்ளல் நன்று.

சுவர்கள் எவ்வளவு இடத்தை விழுங்குகின்றன என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். வெளிப்புறமாக 6 மீட்டர் அகலமும் 8 மீட்டர் நீளமும் கொண்ட வீட்டின் பரப்பு 48 சதுர மீட்டர். வெளிச்சுவர் 23 சென்டிமீட்டர் தடிமன் எனில், உள்ளே எஞ்சுவது ஏறத்தாழ 41.8 சதுர மீட்டர் மட்டுமே. எட்டில் ஒரு பங்குக்கும் மேல் சுவருக்கே போய்விடுகிறது. ஆதலால் மூலைமுடுக்குகள் மிகுந்த வடிவத்தைவிட, செவ்வக வடிவமே சிறு வீட்டுக்குச் சிக்கனமானது. அதே பரப்புக்குச் சுவரின் நீளம் குறையும், கூரையும் எளிதாகும்.

அடுத்தது நடைபாதை. ஒரு மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் கொண்ட இடைவழி ஏறத்தாழ 43 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். கட்டுமானச் செலவைச் சதுர அடிக்கு ரூ.2,000 எனக் கொண்டால், நடந்து செல்வதற்கு மட்டுமே பயன்படும் அந்த இடத்தின் விலை ரூ.86,000. கூடத்திலிருந்தே அறைகளுக்கு வழி அமையும் வரைபடத்தில் இச்செலவு மிச்சமாகும்.

‘இன்னும் 200 சதுர அடி இருக்கட்டுமே’ என்ற எண்ணத்தையும் இதே முறையில் எடைபோடலாம். அதே விலையில் கூடுதல் செலவு ரூ.4 லட்சம். அதைக் கடனாகப் பெற்று, 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தினால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.3,470 உயரும், மொத்தமாகச் செலுத்துவது ரூ.8.3 லட்சத்தைத் தாண்டும். அந்த அறை உண்மையிலேயே தேவை எனில் கட்டலாம். ஆண்டுக்கு இருமுறை வரும் விருந்தினருக்காக எனில், மறுமுறை சிந்திக்க வேண்டும்.

அறைகளின் குறைந்தபட்ச அளவு

சிக்கனம் என்ற பெயரில் அறைகளை மிகவும் சுருக்குவதும் தவறு. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, இரண்டு அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறை 9.5 சதுர மீட்டருக்கும் மற்றொன்று 7.5 சதுர மீட்டருக்கும் குறையலாகாது என்கிறது. தனிச் சமையலறைக்கு 5 சதுர மீட்டரும் 1.8 மீட்டர் அகலமும் வேண்டும். வாழும் அறைகளின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையக்கூடாது. உள்ளாட்சி அமைப்புகளின் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இறுதியில் செல்லுபடியாவது அவையே. எனினும் ஒரு வரைபடம் வாழத் தக்கதா என்று பார்க்க மேற்கண்ட அளவுகள் நல்ல உரைகல்.

காற்றும் வெளிச்சமும்

வரிசை வீட்டின் முதன்மைச் சிக்கல் காற்றோட்டம். இருபுறமும் சுவர் அடைத்திருப்பதால் முன்னும் பின்னும் மட்டுமே சாளரம் வைக்க இயலும். 4 மீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள வீட்டில் மூன்று அறைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், நடு அறை பகலிலும் இருளில் கிடக்கும். நம் முன்னோர் இதற்கு விடை கண்டிருந்தனர். தமிழகத்து அக்ரகார வீடுகளிலும், அகமதாபாத்தின் பழைய ‘போல்’ குடியிருப்புகளிலும் சுவரோடு சுவர் ஒட்டிய நீண்ட வீடுகளின் நடுவே திறந்த முற்றம் அமைந்தது. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா 1960களின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் வடிவமைத்த ‘குழாய் வீடு’ ஏறத்தாழ 3.6 மீட்டர் அகலமும் 18 மீட்டர் நீளமும் கொண்டது. சரிந்த கூரையின் உட்புறமாகச் சூடான காற்று மேலேறி உச்சித் திறப்பு வழியே வெளியேற, கீழிருந்து புதிய காற்று உள்ளே வரும்படி அது அமைக்கப்பட்டது.

இன்று முற்றத்துக்கு இடம் விட இயலாதோர், மாடிப்படியை வீட்டின் நடுவில் வைத்து, அதன் உச்சியில் காற்றுத் திறப்பும் ஒளி புகும் கூரையும் அமைக்கலாம். நடு அறைக்கு வெளிக்காற்று எவ்வழியாக வரும் என்ற கேள்விக்கு வரைபடம் விடை கூறாவிடில், அதைத் தள்ளிவிடுவதே மேல்.

தனித்து நிற்கும் சிறு வீட்டுக்கு நான்கு பக்கமும் சாளரம் வைக்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது தட்பவெப்பம். விதித்தொகுப்பின்படி சாளரத் திறப்பு, வறண்ட வெப்பப் பகுதியில் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈரமான வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்கும், குளிர்ப் பகுதியில் பன்னிரண்டில் ஒரு பங்கும் இருத்தல் வேண்டும். கடலோர ஊரில் 10 சதுர மீட்டர் அறைக்கு ஏறத்தாழ 1.7 சதுர மீட்டர் சாளரம் தேவை. குளிர்நாட்டு மரக்குடிலின் படத்தைக் கண்டு மயங்கி, பெரிய கண்ணாடிச் சுவருடன் அதே வரைபடத்தை நாக்பூரிலோ வேலூரிலோ கட்டினால், மின்கட்டணம் மற்றொரு மாதத் தவணையாகிவிடும்.

மாடிப்படியும் முதுமையும்

வரிசை வீடுகள் பெரும்பாலும் இரண்டு தளங்கள் கொண்டவை. 3 மீட்டர் உயரமுள்ள தளத்துக்குப் படியின் உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருக்க 16 படிகள் வேண்டும். நடுவில் திரும்பும் மாடிப்படி ஒவ்வொரு தளத்திலும் ஏறத்தாழ 5 சதுர மீட்டரை எடுத்துக்கொள்ளும். இடத்தை மிச்சப்படுத்தப் படிகளைச் செங்குத்தாக்கும் வரைபடங்கள் ஆபத்தானவை. படுக்கையறைகள் யாவும் மாடியிலேயே இருந்தால், முழங்கால் வலியுள்ள தாயார் எங்கே உறங்குவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுத் தவணை முடியும்போது நமக்கும் வயது கூடியிருக்கும். தரைத்தளத்தில் ஓர் அறையும் கழிவறையும் இருப்பது இன்றியமையாதது.

வளர இடம்

இன்றைய வருவாய்க்கு ஏற்பக் கட்டி, பின்னர் விரிவாக்கலாம் என்பது அறிவார்ந்த வழி. பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த இந்தூரின் ஆரண்யா குடியிருப்பில், 35 சதுர மீட்டர் அளவிலான சிறு மனைகளில் அடித்தளமும் கழிவறை உள்ளிட்ட அடிப்படை வசதிகளும் முதலில் தரப்பட்டன. குடும்பங்கள் வசதிக்கேற்பப் பிற அறைகளைக் கட்டிக்கொண்டன. இவ்வழியை நாடுவோர், மேல்தளத்தின் சுமையைத் தாங்கும் அடித்தளத்தையும் தூண்களையும் தொடக்கத்திலேயே அமைக்க வேண்டும். குளியலறையும் சமையலறையும் ஒரே குழாய்ச் சுவரைப் பகிர்ந்துகொள்வதும், கூடத்தைக் குலைக்காமல் படி மேலேறுவதும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். வரிசை வீட்டில் விரிவாக்கம் மேல்நோக்கியோ பின்னோக்கியோ மட்டுமே இயலும். மேலே கட்டும் உரிமை தமக்குண்டா, பொதுச்சுவர் யாருக்குச் சொந்தம், அதில் உத்தரம் பதிக்கலாமா என்பவற்றைக் கிரயப் பத்திரத்தில் படித்தறிய வேண்டும்.

வங்கியில் கேட்கப்படுபவை

சொந்த மனையில் கட்டுவோர் உரிய அமைப்பின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை அளித்தல் கட்டாயம். அதை மீற மாட்டோம் என்ற உறுதிமொழி ஆவணமும் பெறப்படும். கட்டுமானம் முன்னேறுவதற்கேற்பவே கடன் தொகை விடுவிக்கப்படும். இடையில் வரைபடத்துக்குப் புறம்பாக அறையைக் கூட்டினால் அடுத்த தவணை விடுவிப்பு தடைபடக்கூடும். விளைநிலத்தில் சிறு வீடு கட்ட எண்ணுவோர் முதலில் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி பெறுதல் வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ரூ.30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டலாகாது, ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரை இந்த வரம்பு 80 விழுக்காடு. ரூ.10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இம்மதிப்பில் சேரா. அவற்றுக்கான கையிருப்பைத் தனியே ஒதுக்கிய பின்னரே வீட்டின் அளவை முடிவு செய்க. கட்டுமான நிறுவனத்திடம் வாங்குவோர், எழுத்துப்பூர்வ விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு சுண்ணாம்புக் கோடு

ஒப்புதலுக்கு அனுப்புமுன் எளிய சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். மனையிலோ அருகிலுள்ள திடலிலோ, சுண்ணாம்புப் பொடியால் வரைபடத்தை உண்மையான அளவில் தரையில் வரையுங்கள். கட்டில், அலமாரி, உணவு மேசை ஆகியவற்றின் இடங்களையும் குறியுங்கள். குடும்பத்தார் அனைவரும் அதற்குள் நடந்து பாருங்கள். கதவு திறந்தால் கட்டிலில் இடிக்கிறதா, அடுப்பருகே இருவர் நிற்க முடிகிறதா, முதியவர் இரவில் கழிவறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்பவை அரைமணி நேரத்தில் புலப்பட்டுவிடும். அப்போது ஒரு கோட்டை அழித்து மீண்டும் வரைய ஒரு பிடி சுண்ணாம்பு போதும்.