தோற்பவர் பக்கத்தில் நாற்பது ஆண்டு

2025-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 20-ஆந் திகதி, திங்கட்கிழமை இரவு. இலண்டன் மாநகரின் கிழக்கே, ஈஸ்ற் ஹாம் என்னும் பகுதியிலுள்ள எமது வீட்டில் வானொலிப் பெட்டியின் அருகே நான் அமர்ந்திருந்தேன். சுவரிலிருந்த ஆணியில், கருஞ்சிவப்பும் நீலமும் கலந்த கம்பளிச் சால்வை தொங்கிக்கொண்டிருந்தது. சில மைல்களுக்கு அப்பால், என் கழகமாகிய வெஸ்ற் ஹாம் யுனைற்றெட், பிரென்ற்போட் கழகத்தை எதிர்த்து உதைபந்தாடிக்கொண்டிருந்தது. அதைக் காண எனக்கு ஆசனம் இருந்தது. பருவகாலம் முழுவதற்கும் முற்பணம் கட்டிய ஆசனம். ஆயினும் நான் போகவில்லை.

கழக நிருவாகத்தின் மீது அதிருப்தி கொண்ட இரசிகர்கள், அன்றைய ஆட்டத்தைப் பகிஷ்கரிக்கும்படி கேட்டிருந்தனர். ஆயிரக்கணக்கானோர் அவ்வழைப்புக்கு இணங்கினர். அவர்களுள் நானும் ஒருவன். மைதானத்தில் வெறுமையாய்க் கிடந்த ஆசனங்களைப் பற்றி வானொலியிற் கூறியபோது, அவற்றுள் ஒன்று என்னுடையது என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

“ஏன் அப்பப்பா, இண்டைக்குப் போகேல்லை? அவை தோத்துக்கொண்டே இருக்கிறபடியாலோ?” என்று பேர்த்தி கேட்டாள்.

தோற்பதற்காகக் கோபிப்பதென்றால் நான் எப்போதோ கோபித்திருக்க வேண்டும். ஆனால், பத்து வயதுக் குழந்தைக்கு அதனை ஒரு வார்த்தையில் விளக்குவதெங்ஙனம்?

1985-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டனுக்கு வந்து சேர்ந்தேன். கிறீன் ஸ்ரீற் என்னும் வீதிக்கு அருகில் வாடகை அறையொன்று கிடைத்தது. முதற் சனிக்கிழமை பிற்பகல் திடீரென ஒரு பேரிரைச்சல் எழுந்து யன்னற் கண்ணாடியை அதிரச் செய்தது. ஊரிலிருந்து அப்போதுதான் வந்தவனுக்குப் பேரிரைச்சல் என்றால் அச்சந்தான். இது கோல் விழுந்த சந்தோஷம் என்பதை வீட்டுக்காரி சொல்லித்தான் அறிந்தேன். அடுத்த ஆட்டத்துக்கு, அந்த ஓசையைத் தேடி நானே சென்றேன்.

வீடுகளின் நடுவே, கோயிலைச் சுற்றி ஊர் அமைந்தாற்போல, அந்த மைதானம் அமைந்திருந்தது. பார்வையாளருக்கும் ஆட்டக்காரருக்குமிடையே நாலைந்து அடி தூரமே. அக்காலத்து ஆங்கில மைதானங்களில் எம் நிறத்தவர் செவி நோகாமல் வீடு திரும்புவது அரிது. என் காதிலும் சில சொற்கள் விழுந்தன. அப்போது, பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர், பேசியவனை முறைத்துப் பார்த்துவிட்டு என்னருகே நகர்ந்து நின்றார். துறைமுகத்தில் மூட்டை சுமந்து இளைப்பாறியவர். அன்றிலிருந்து பல ஆண்டுகள் நாங்கள் இருவரும் அதே இடத்தில் அருகருகே நின்றோம்.

அந்தப் பருவகாலத்தில் கழகம் வென்றுகொண்டேயிருந்தது. மக்அவென்னி என்பார் லீக் ஆட்டங்களில் 26 கோல்களும் கொற்றி என்பார் 20 கோல்களும் போட்டனர். 1986-இல் முதற் பிரிவில் மூன்றாமிடம் கிட்டியது. கழகத்தின் சரித்திரத்தில் அதுவே மிக உயர்ந்த நிலை. “இதை நம்பிவிடாதே தம்பி, இது வழமையன்று. தோல்விக்குப் பழகிக்கொள்” என்றார் முதியவர். அவர் வாக்குப் பொய்க்கவில்லை. 1989-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம், 1991-இல் ஏறினோம், மறு ஆண்டே மீண்டும் இறங்கினோம்.

கழகத்தின் பிறப்பையும் அவரே எனக்குச் சொன்னார். தேம்ஸ் நதிக்கரையில் இரும்புக் கப்பல் கட்டிய தொழிலாளருக்காக 1895-இல் தோன்றிய கழகம் அது. 1900-இல் இப்பெயர் பெற்றது. அதனாலேதான் அதன் சின்னத்தில் இரண்டு சம்மட்டிகள் குறுக்கே கிடக்கின்றன. 1912-இல் அந்தக் கப்பற்றளம் மூடப்பட்டது, கழகம் பிழைத்தது. 1966-இல் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை வென்றபோது அணித்தலைவராய் நின்ற பொபி மூர் எம்மவர். இறுதியாட்டத்தின் நான்கு கோல்களுள் மூன்றைப் போட்ட ஹேர்ஸ்றும், ஒன்றைப் போட்ட பீற்றர்ஸும் எம்மவரே. இதைச் சொல்லும்போதெல்லாம் அம்முதியவரின் கூன் சற்று நிமிரும்.

வறிய வீட்டில் நகை நிலைப்பதில்லை என்பார்கள். எங்கள் கழகமும் அப்படியே. சிறுவராய் வந்து எம்மிடம் ஆட்டம் பயின்ற ஃபேர்டினன்ட், லம்பாட், ஜோ கோல், கரிக் முதலானோர் ஒருவர்பின் ஒருவராகப் பெருங்கழகங்களுக்கு விற்கப்பட்டனர். 2003-இல், 42 புள்ளிகள் பெற்றும் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினோம். முப்பத்தெட்டு ஆட்டங்கள் கொண்ட பருவகாலத்தில் அத்தனை புள்ளிகளோடு இறங்கியவர் வேறெவருமில்லை. அழுதோம், அடுத்த ஆட்டத்துக்கும் போனோம்.

என் மனத்தை வாட்டியது தோல்விகளன்று. 2016-ஆம் ஆண்டு நடந்த இடப்பெயர்வு. 1904 முதல் ஆடிய மைதானத்தைக் கழகம் விற்றது. 2012-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவுக்கெனக் கட்டிய பேரரங்கை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. மே மாதம் 10-ஆந் திகதி, பழைய மைதானத்தில் இறுதியாக மன்செஸ்ரர் யுனைற்றெட்டை 3–2 என வென்றோம். ஆட்டம் முடிந்தும் எவரும் கலையவில்லை. வளர்ந்த மனிதர் சுவரைத் தடவி அழுதனர். அம்முதியவர் அப்போது உயிரோடில்லை. அவர் நின்ற இடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் ஊரை விட்டு வந்தவன். யுத்தத்தில் வீட்டை இழப்பது என்னவென்பதை அறிந்தவன். அதனோடு இதனை ஒப்பிடுவது தகாது. ஆயினும், அங்கே கொல்லைப்புறத்தில் நின்ற மாமரம் இனி இல்லை என்று கேட்டபோது எழுந்த வெறுமை, எண்ணூறுக்கு மேற்பட்ட குடியிருப்புகள் அம்மைதானத்தில் எழுந்தபோதும் எழுந்தது. முன்னது பறிக்கப்பட்டது, பின்னது விற்கப்பட்டது. விற்றவர் நம்மவர் என்பதே வேதனை.

புதிய அரங்கு ஓட்டப்பந்தயத்துக்கென அமைந்தது. பந்து எங்கோ தூரத்தில் உருள்கிறது. கூட்டம் 35,000-இலிருந்து 60,000-க்கு மேலாயிற்று. ஆனால் யன்னல் அதிரும் ஓசை அங்கில்லை. நியாயமாகச் சொல்வதானால், பல ஏழைக் குடும்பங்களுக்கு அங்கே ஆசனம் கிடைத்தது. 2023-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆந் திகதி, பிராக் நகரில் ஃபியொரென்ரினாவை 2–1 என வென்று ஐரோப்பியக் கிண்ணமொன்றைப் பெற்றோம். 1965-இன் பின் எமக்குக் கிட்டிய முதற் பெரிய ஐரோப்பியக் கிண்ணம் அது. அன்றிரவு நான் உறங்கவில்லை.

அடுத்த மாதமே அணித்தலைவர் டெக்லன் றைஸ் பத்துக் கோடிப் பவுணுக்கு மேல் விலை போனார். பெருந்தொகை வந்தது, வீடு நிமிரவில்லை. 2024 மே தொடக்கம் 2025 செப்ரெம்பர் வரைக்குள் மூன்று முகாமையாளர் விலகினர், நான்காமவர் வந்தார். முன்னைய கழகம் வறுமையிலும் தன் பிள்ளைகளை வளர்த்தது. பின்னையது பொருள் வந்தும் வழி தெரியாமல் நின்றது. வறியவன் தோற்றால் மனம் ஆறும். தான் யாரென்பதை மறந்தவன் தோற்றால் ஆறுவதில்லை. அதனாலேதான் அன்று நான் போகவில்லை.

பிரென்ற்போட் 2–0 என வென்றதாக வானொலி கூறிற்று. பேர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். “நீங்கள் போகாததாலே அவைக்குத் துணைக்கு ஆளில்லை, அப்பப்பா” என்றாள்.

எங்கள் ஊரிலே ஒரு முறை உண்டு. பகைகொண்ட உறவினரின் கலியாண வீட்டுக்குப் போகாமலிருக்கலாம். செத்த வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். கோபித்துக்கொள்ளும் உரிமை உறவினனுக்குண்டு. வாசலில் நிற்க வேண்டிய கடமையும் அவனுக்கே. நிருவாகத்தாரோடு எனக்கு வழக்குண்டு. கருஞ்சிவப்பு உடுப்பணிந்து ஓடும் இளைஞரோடு என்ன வழக்கு?

நவம்பர் 2-ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ஆணியிலிருந்த சால்வையை எடுத்தேன். பேர்த்திக்கும் ஒரு ரிக்கற் வாங்கி அழைத்துச் சென்றேன். நியூகாசிலை 3–1 என வென்றோம். பெப்ரவரிக்குப் பின், எமது அரங்கில் கிட்டிய முதல் லீக் வெற்றி அது. அவள் ஆசனத்தின் மீதேறித் துள்ளினாள். “ஒவ்வொரு முறையும் இப்படியோ, அப்பப்பா?” என்றாள்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே அவளுக்குச் சொன்னேன்: “இது வழமையில்லைப் பிள்ளை. தோல்விக்குப் பழகிக்கொள்.”

அவள் தலையசைத்தாள், அடுத்த ஆட்டம் எப்போதென்று கேட்டாள்.