அப்பாவின் கைபேசியும் நம் பொறுமையும்



ஞாயிறு மாலை நம் வீடுகளில் நடக்கும் ஒரு காட்சியோடு இன்றைய சிந்தனையைத் தொடங்குவோம். சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு அழைக்கிறார். அப்பா கைபேசியை எடுக்கிறார். தெருமுனைவரை கேட்கும் குரலில், "நல்லா இருக்கோம்ப்பா. அங்க எல்லாரும் சுகமா? சரி, வச்சிடுறேன்" என்கிறார். "அப்பா, பேசுறதுக்குத் தனியா காசு கிடையாதுப்பா, கொஞ்ச நேரம் பேசுங்க" என்று மகன் சொல்லி முடிப்பதற்குள் தொடர்பு அறுந்துவிடுகிறது. மகனுக்கு எரிச்சல். "எத்தனை வருசமாச் சொல்றேன், அப்பா மாறவே மாட்டார்" என்று மனைவியிடம் குறைபட்டுக்கொள்கிறார்.

நம்மில் பலர் இதே குறையைச் சொல்லியிருக்கிறோம். டி.வி. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்டால் கட்டிவைக்கும் அப்பா. துணிக்கடைப் பைகளை மடித்து மெத்தைக்கு அடியில் அடுக்கும் அம்மா. ஏழு மணி ரயிலுக்கு ஐந்து மணிக்கே நிலையத்தில் போய் உட்காரும் தாத்தா. கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பால் கணக்கு எழுதும் பாட்டி. நம் பங்கு அலுவலகத்துக்கும் அவர்கள் வருவார்கள். பூசைக் கருத்தைக் கைபேசி வழியாகவே சொல்லலாம் என்றாலும், நேரில் வந்து, குறிப்பேட்டில் பெயர் எழுதப்படுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீடு திரும்புவார்கள். இவற்றைச் சொல்லி நாம் சிரிக்கிறோம். சிரிப்பில் தவறில்லை. ஆனால் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்காமலே சிரிக்கிறோமே, அதைப்பற்றித்தான் இன்று சிந்திக்க வேண்டும்.

முதலாவதாக, இந்தப் பழக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காலம் இருக்கிறது. அப்பா ஏன் தொலைபேசியில் கத்துகிறார்? அவர் இளைஞராக இருந்தபோது வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் பதிவுசெய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைக்கும் தொடர்பிலும் இரைச்சல் இருக்கும். உரக்கச் சொன்னால்தான் மறுமுனையில் கேட்கும். மூன்று நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறும். தந்தியென்றால் வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது நமக்கு அது ஒரு செய்தி. அவர்களுக்கோ ஆயுளில் பாதிக்குமேல் உடன்வந்த ஒரு பழக்கத்தின் முடிவு. சேதியை நாலு வார்த்தையில் சொல்லிப் பழகியவர், "கொஞ்ச நேரம் பேசுங்க" என்றால் எதைப் பேசுவார்?

பையை மடித்து வைக்கும் அம்மாவைப் பாருங்கள். 1965, 66 ஆண்டுகளின் வறட்சியில் அரிசிக்கு நாடே தவித்தபோது அவர் சிறுமி. பங்குக் கோவிலில் கொடுத்த கோதுமைக்கும் பால் பவுடருக்கும் வரிசையில் நின்ற குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. எது மறுபடி கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரியாத நாட்களில் வளர்ந்தவர்கள் எதையும் தூக்கி எறிய மாட்டார்கள். பாஸ்புக்கில் வரி விழுந்தால்தான் பணம் பத்திரம் என்று நம்பும் அப்பாவுக்கும் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் அதிக வட்டி தருவதாக ஆசைகாட்டிய நிதி நிறுவனங்கள் பல மூடப்பட்டபோது, தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த சேமிப்பை இழந்தன. கண்ணுக்குத் தெரியாத பணத்தை அவர்கள் நம்பத் தயங்குவது அனுபவம் தந்த பாடம்.

இரண்டாவதாக, உடல். நாற்பது வயதைத் தாண்டும்போதே கண்ணின் வில்லை இறுகத் தொடங்குகிறது. பொடி எழுத்து மங்குகிறது. காதில் முதலில் குறைவது உச்சத் தொனியில் வரும் ஒலிகளைக் கேட்கும் திறன். அதனால் பேச்சு காதில் விழும். சொல் பிரிந்து விளங்காது. "கேட்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியல" என்று அவர்கள் சொல்வது சாக்குப்போக்கு அல்ல, மருத்துவ உண்மை. தொடுதிரை, நம் விரல் தோல் வழியாகச் செல்லும் மிகச் சிறிய மின்னூட்டத்தை உணர்ந்து இயங்குகிறது. வயதில் தோல் உலர்ந்து, காய்த்துப்போன விரலைத் திரை சில நேரம் உணராது. உணரவில்லையே என்று அவர்கள் அழுத்திப் பிடிப்பார்கள்; அழுத்திப் பிடித்தால் வேறேதோ திறக்கும். பீடி சுற்றி, நெல் அறுத்து, பாத்திரம் துலக்கிய விரல்களில் ரேகையே தேய்ந்திருக்கும். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் நாலு முறை துடைத்துத் துடைத்து வைக்கும் பாட்டியைப் பார்த்திருப்போம். பின்னால் நிற்பவர்கள் முனகும்போது, ஏதோ குற்றம் செய்தவரைப்போல் அவர் தலைகுனிவதையும் பார்த்திருப்போம்.

மூன்றாவது காரணம் மனத்தில் இருக்கிறது. நம் பெற்றோர் புதுமைக்கு எதிரிகள் என்று நாம் நினைத்தால் அது தவறு. தெருவில் முதல் ரேடியோவை வாங்கியவர்கள் அவர்கள். விறகடுப்பிலிருந்து கேஸ் அடுப்புக்கும், அம்மியிலிருந்து மிக்ஸிக்கும் மாறியவர்கள் அவர்கள். தையல் இயந்திரத்தைக் கற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய அம்மாக்கள் எத்தனை பேர்! அந்தக் கருவிகளில் ஒரு குமிழுக்கு ஒரு வேலை. நேற்று இருந்த இடத்திலேயே அது இன்றும் இருந்தது. இன்றைய கைபேசியிலோ ஒரே இடத்தைத் தொட்டால் ஒருநாள் ஒன்று வருகிறது, மறுநாள் இன்னொன்று வருகிறது. தவறாகத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்றுவரை வீட்டுக்கே வழிசொன்னவர், இன்று பேரனிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. "எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று அவர் சொல்லும்போது, பல நேரம் அதற்குப் பொருள், "தெரியாதவனாக உங்கள் முன் நிற்க எனக்குக் கூச்சமாயிருக்கிறது" என்பதே.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். அந்த அப்பா நாற்பது ஆண்டுகள் மோட்டாருக்குக் காயில் கட்டியவர். கிணற்று மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லிவிடுவார். வெளிநாட்டிலிருக்கும் மகன் அவருக்கு விலையுயர்ந்த கைபேசி ஒன்றை வாங்கிக்கொடுத்து, வீடியோ அழைப்பு எப்படி எடுப்பது என்று ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அழைத்த போதெல்லாம் அப்பா எடுக்கவில்லை. எடுத்தாலும் திரையில் மின்விசிறிதான் தெரிந்தது. "எத்தனை தடவைப்பா சொல்றது?" என்று மகன் ஒருநாள் குரலை உயர்த்தினார். அதன்பின் கைபேசி பீரோவுக்குள் போனது. அப்பா பிடிவாதக்காரர் என்று எல்லாரும் முடிவுகட்டினர்.

அடுத்த விடுமுறைக்கு வந்த மகள், பீரோவில் கைபேசியோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் கண்டாள். அதில் அப்பாவின் கையெழுத்தில், காயில் கட்டும் கணக்கை எழுதுவதுபோல், எண் போட்டு எழுதியிருந்தது. 'ஒன்று: மணி அடித்தால் பதறக்கூடாது. இரண்டு: பச்சைப் பொட்டை மேலே தள்ளவும். மூன்று: முகத்துக்கு நேரே பிடிக்கவும்.' அடுத்த பக்கத்தில் அதையே அடித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தார். இப்படி ஏழு முறை. ஏழாவது பக்கத்தில், 'பச்சைப் பொட்டைக் காணோம். வேறு மாதிரி வருகிறது. தம்பியிடம் கேட்கக்கூடாது, கோபப்படுவான்' என்று இருந்தது. கைபேசியின் மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொண்டபோது திரையின் அமைப்பு மாறியிருக்கிறது. அது அவருக்கு யார் சொல்வது?

அவர் மறுக்கவில்லை, அன்பர்களே. வீடு உறங்கிய பிறகு தனியாக உட்கார்ந்து முயன்றுகொண்டிருந்தார். மகனின் முகத்தைப் பார்க்க ஏழு முறை பாடம் எழுதியவரை நாம் பிடிவாதக்காரர் என்றோம். மகள் அந்த நோட்டைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். மறுநாள் மகன் பேசிய முதல் வார்த்தை, "அப்பா, இனிமே எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க" என்பது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? கற்றுக்கொடுக்கும்போது கைபேசியை அவர்கள் கையிலிருந்து பிடுங்காதிருப்போம். நம் விரல் வேகமாக ஓடினால் அவர்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள். அவர்கள் விரல் தொட்டால்தான் கை பழகும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். இன்று அழைப்பை எடுப்பது. அது கைவந்த பிறகு அழைப்பது. எழுத்தைப் பெரிதாக்கி, ஒலியைக் கூட்டி, தேவையற்ற செயலிகளை நீக்கி, பிள்ளைகளின் படத்தைத் தொட்டாலே அழைப்பு போகும்படி வைத்துக்கொடுப்போம். படிகளை அவர்களே தங்கள் சொற்களில் எழுதட்டும். வாரத்தில் குறித்த நேரத்தில் அழைத்தால் கைபேசியோடு காத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் கற்றுத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. பணப் பரிமாற்றம் வேண்டாம், பாஸ்புக் போதும் என்றால் அதை மதிப்போம். ஓய்வூதியருக்கான வாழ்வுச் சான்றிதழை மின்னணு முறையில் தரும் வசதி 2014 முதல் இருக்கிறது. இன்று பிள்ளைகளின் கைபேசியில் முகம் காட்டியே அதை முடிக்கலாம், தபால்காரரையும் வீட்டுக்கு அழைக்கலாம். வரிசையில் நிற்கும் சிரமத்தை நாம் ஏற்றுக்கொண்டால், அவர்களுக்கு நவம்பர் மாதம் எளிதாகும்.

அவர்களது சந்தேகத்தையும் முழுவதும் கலைத்துவிட வேண்டாம். தெரியாத இணைப்பைத் தொடமாட்டேன் என்னும் அம்மா நம்மைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார். ஆனால் காவல்துறை என்றால் நடுங்கும் தலைமுறை அது. அந்த அச்சத்தைத்தான், 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டும் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை என்பதையும், ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது என்பதையும், பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் தாளில் பெரிதாக எழுதித் தொலைபேசிக்கு அருகில் ஒட்டிவைப்போம். ஏமாந்துவிட்டேன் என்று நம்மிடம் சொல்லும் துணிவு அவர்களுக்கு இருக்க வேண்டும். 'எத்தனை தடவை சொன்னேன்' என்று நாம் சீறினால், அடுத்த முறை மறைத்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். புதியதைக் கற்கத் தாமதமாவது முதுமையின் இயல்பு. ஆனால் நாற்பது ஆண்டு வைத்த ரசத்தை எப்படி வைப்பது என்று அம்மா திடீரெனத் தடுமாறினால், நடந்து பழகிய தெருவில் அப்பா வழி தவறினால், கேட்டதையே கால்மணி நேரத்துக்குள் மீண்டும் மீண்டும் கேட்டால், அதை 'வயசாயிடுச்சு' என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அருகில் அமர்ந்து பழகும் பிள்ளைகளுக்கே இந்த வேறுபாடு கண்ணில் படும்.

தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளையை நாம் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தோம். அது சிறுவர்களுக்கான கட்டளை என்று எண்ணிவிட்டோமோ? வளர்ந்த பிள்ளைகளுக்கும், பெற்றோர் தளர்ந்த காலத்துக்கும் அது பொருந்தும் என்று திருஅவை கற்பிக்கிறது. சீராக்கின் ஞான நூல் 3ஆம் அதிகாரமோ, தந்தையின் அறிவாற்றல் மங்கும் நாளிலும் பொறுமை காக்கும்படி பிள்ளைகளைக் கேட்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல், ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். ஜூலை 26இல் வரும் புனித சுவக்கின், அன்னா விழாவையொட்டிய நாள் அது. ஆண்டில் ஒருநாள் மாலை போட்டுச் சிறப்பிப்பதோடு அது முடிந்துவிடக்கூடாது.

இந்த வாரம் ஒன்று செய்வோம். ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், பெற்றோரின் அருகில் அரைமணி நேரம் அமர்வோம். தொலைவில் இருந்தால் அழைப்போம். கற்றுக்கொடுக்கும் முன், ஒரு கேள்வி கேட்போம்: "அப்பா, உங்க காலத்துல ஊருக்கு எப்படிப்பா சேதி சொல்லுவீங்க?" அவர் பேசட்டும். இரண்டு வரியில் "வச்சிடுறேன்" என்பவர், அன்று வைக்க மறந்துபோகலாம். பேச்சு முடிந்து, சிவப்புப் பொட்டு எங்கே என்று அவர் தேடும்போது, அவசரப்படாமல் காத்திருப்போம். அவர்களுக்காகக் காத்திருக்கும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக.