மார்கழிப் பனிக்கு மஃப்ளர்: ஊசி எடுக்குமுன் கழுத்தைப் பாருங்கள்!

"திருச்சியில கம்பளியா? நல்ல வேடிக்கை!" என்று சிரிக்காதீர்கள். சித்திரையில் நாற்பது டிகிரி கொளுத்துகிற ஊர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்கழி விடியற்காலை நாலு மணிக்கு ஸ்ரீரங்கம் வீதிக்கு ஒரு நடை வந்து பாருங்கள். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் தீவு மாதிரி ஊர். தெர்மாமீட்டர் என்னவோ இருபது டிகிரியை ஒட்டித்தான் காட்டும். ஊட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் வெயிலிலேயே பழகிய உடம்புக்கு, அதிலும் எழுபது வயதைத் தாண்டிய உடம்புக்கு, அது குளிர்தான். அம்மா மண்டபத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத் தலையோடு நடந்தால் கேட்கவே வேண்டாம்.

பெருமாளுக்கே போர்வை சாத்துகிற காலம் இது. கார்த்திகை மாதம் கைசிக ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாத்துகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்றைக்கு 108 போர்வைகள். அந்த ஏகாதசி வந்தால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு மஃப்ளர், ஒரு குல்லா, ஒரு சால்வை தயார் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் மாமனாருக்கு என் கையால் ஒரு மஃப்ளர் பின்னினேன். ஆறடி நீளம், காப்பிப்பொடி நிறம், இரண்டு முனையிலும் குஞ்சம். பார்க்க ஜோர்! வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் சேவிக்கக் கிளம்பியவர் அதைச் சுற்றிக்கொண்டு பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "கழுத்தெல்லாம் பிடுங்கறதும்மா" என்று கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கு ஆஸ்துமா உண்டு. பனி, கற்பூரப் புகை, கூட்டம், மணிக்கணக்கில் கியூ. திரும்பி வந்தவருக்கு ராத்திரி பூராவும் வீஸிங். விடிவதற்குள் ஆஸ்பத்திரி!

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மூக்கை மூடி எதுவும் கட்டிக்கலையா?" என்பதுதான். பீரோ பக்கம் போகும்போதெல்லாம் அந்த மஃப்ளர் என்னை முறைக்கும். தப்பு மாமனாருடையது இல்லை, என்னுடையது. டிசைனைப் பார்த்தேனே தவிர, கழுத்தைப் பார்க்கவில்லை!

ஏன் குத்துகிறது?

கம்பளி என்றால் அலர்ஜி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அலர்ஜி இல்லை. இழையின் தடிமன்தான் காரணம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகளின் முனை வளையாமல் தோலைக் குத்தும். மெரினோ ஆட்டுக் கம்பளி அதைவிட மெல்லியது, அதனால் உறுத்தாது.

நம்ம ஊர் ஆடும் கம்பளிக்குப் பேர் போனதுதான். 'திருச்சி கருப்பு' என்றே ஓர் ஆட்டு இனம் உண்டு. கருங்குறும்பை என்பார்கள். அதன் ரோமம் முரடு. தரையில் விரிக்கிற கம்பளத்துக்கு அருமை, கழுத்துக்கு ஆகாது. மெல்லிய கம்பளிக்குக் கொடைக்கானல் மலைக்குத்தான் போக வேண்டும். அங்கே மன்னவனூரில் மத்திய அரசின் ஆடு ஆராய்ச்சி மையம் 'பாரத் மெரினோ' இனத்தை வளர்க்கிறது.

கடையில் "உல்லன் நூல் கொடுங்க" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதாவது பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை இழை. லேபிளைத் திருப்பிப் படியுங்கள். மூன்று வகை நூலுக்கும் குணம் வேறு:

* அசல் கம்பளி: சுருள் சுருளான இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைக்கும். அந்தக் காற்றுதான் கதகதப்பு. தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சினாலும் சொதசொதக்காது. சுலபத்தில் தீப்பிடிக்காது.
* அக்ரிலிக்: விலை மலிவு, துவைக்கச் சுலபம், பூச்சி அரிக்காது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அகல் ஏற்றுகிறவர்களும் அடுப்பருகே நிற்பவர்களும் இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்யக்கூடாது.
* பருத்தி நூல்: மென்மை, உறுத்தாது. பழைய கிரேக்கப் பயண நூலிலேயே உறையூர் மெல்லிய துணிக்குப் பேர் வாங்கியிருக்கிறது, பருத்தியின் பெருமையை நமக்குச் சொல்ல வேண்டுமா! நனைந்தால் மட்டும் லேசில் காயாது. எளிதில் தீயும் பிடிக்கும்.

வாங்குமுன் ஒரு சின்ன டெஸ்ட். நூல் கண்டைக் கையில் தொட்டுப் பார்த்தால் போதாது. உள்ளங்கைத் தோல் தடிப்பு. தாடைக்குக் கீழே, கழுத்தோரம் இரண்டு நிமிஷம் வைத்துப் பாருங்கள். உறுத்தினால் வேண்டாம்.

தாத்தாவுக்கு: நழுவாத மஃப்ளர்

நீள மஃப்ளர் அழகுதான். ஆனால் 1927-ல் புகழ்பெற்ற நடனமணி இசடோரா டங்கன் பிரான்ஸில் இறந்தது எப்படித் தெரியுமா? கழுத்தில் சுற்றியிருந்த நீளத் துணி கார் சக்கரத்தில் சிக்கித்தான். நம் ஊரில் ஸ்கூட்டர் பின் சீட்டில் துப்பட்டா சக்கரத்தில் மாட்டுகிற விபத்தும் இதே ரகம்தான். ஆகவே பெரியவர்களுக்குக் குட்டை மஃப்ளர், நடுவில் ஒரு துவாரம். ஒரு முனையை அதில் நுழைத்துவிட்டால் நழுவாது, தொங்காது. குஞ்சமும் வேண்டாம்.

அளவுக் கணக்கு சுலபம். முதலில் ஒரு சதுரம் பின்னிப் பாருங்கள். 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். 8-ம் நம்பர் ஊசியில் (4 மில்லிமீட்டர்) நடுத்தர நூலுக்கு 20 கண்ணி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் பழைய ஊசிகளில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், நினைவிருக்கட்டும்.

30 கண்ணி போட்டால் 15 சென்டிமீட்டர் அகலம். எல்லா வரிசையும் 'நிட்' மட்டுமே. 20 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் கண்ணிகளைப் பதினைந்து பதினைந்தாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக 8 சென்டிமீட்டர் பின்னுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துத் தொடருங்கள். மொத்த நீளம் 95 சென்டிமீட்டர் ஆனதும் முடித்துவிடலாம். அந்த இடைவெளிதான் துவாரம்.

ஆஸ்துமா உள்ளவர் இதை மூக்கும் வாயும் மூடும்படி தளர்வாக உயர்த்திக்கொண்டால், குளிர்ந்த காற்று கொஞ்சம் சூடாகி ஈரத்தோடு உள்ளே போகும். ஆனால் மஃப்ளர் இன்ஹேலருக்கு மாற்று இல்லை! சட்டைப் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பாட்டிக்கு: சால்வையும் குல்லாவும்

முக்கோண சால்வை தோளில் நிற்காது. அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே படியில் இறங்கினால் கால் தடுக்கும். 55 சென்டிமீட்டர் அகலம், 150 சென்டிமீட்டர் நீளத்தில் செவ்வகமாகப் பின்னி, மார்புப் பக்கம் ஒரு பெரிய பட்டன் வையுங்கள். விரல் மூட்டு வலிக்காரர்களும் போட முடியும். பெரிய ஓட்டை டிசைன் வேண்டாம், வளையலும் தாலிச் சரடும் மாட்டிக்கொள்ளும்.

குல்லா தலைச் சுற்றளவைவிட 4, 5 சென்டிமீட்டர் குறைவாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். 55 சென்டிமீட்டர் தலைக்கு 50 சென்டிமீட்டர், அதாவது 100 கண்ணி. தைப்பதற்கு ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு கண்ணி கூடுதல். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப் பின்னல் போட்டால் இழுத்தால் விரியும். 15 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நூறைப் பத்துப் பங்காக்கி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, ஒவ்வொரு பங்கிலும் இரண்டு கண்ணிகளை ஒன்றாகப் பின்னிக் குறையுங்கள். கடைசியில் நிற்கிற கண்ணிகளில் நூலைக் கோத்து இழுத்து முடிச்சுப் போட்டு, ஓரத்தைத் தைத்தால் குல்லா ரெடி.

நெற்றியில் சிவப்புத் தடம் பதிந்தால் இறுக்கம் அதிகம். ஈரத் தலையில் குல்லா போடக்கூடாது. துவட்டிக் காயவைத்த பிறகுதான். காதில் ஹியரிங் எய்ட் இருந்தால் அந்த இடத்தில் தளர விடுங்கள். பின்னால் வருகிற வண்டிச் சத்தம் கேட்க வேண்டுமே!

பச்சைக் குழந்தைக்கு: அளவோடு

"உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது" என்று சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது உண்மையில்லை, பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் கைக்குழந்தைக்கு உடம்பின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலையே. ஆகவே பிறந்தவுடன் துடைத்துக் குல்லா போடுவது அவசியம். எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் 'கங்காரு' முறையிலும் குல்லாவும் காலுறையும் உண்டு. 1978-ல் கொலம்பியா நாட்டில் தொடங்கிய முறை இது, இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் உள்ளது.

அதற்காக நிறைமாதக் குழந்தையை நம் ஊர் வெக்கையில் நாள் முழுக்கக் குல்லாவோடு தூங்க வைக்காதீர்கள். சூடு மிஞ்சினால் ஆபத்து. குல்லா முகத்தில் சரிந்தாலும் ஆபத்து. பிடரியில் கை வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் கழற்றுங்கள். மெல்லிய பருத்தி நூல், 32 சென்டிமீட்டர் சுற்று, 14 சென்டிமீட்டர் உயரம் போதும். கட்டுகிற நாடா, பட்டன், உருண்டைக் குஞ்சம் எதுவும் கூடாது. கையுறை, காலுறையின் உள்பக்கம் தொங்குகிற நூல் விரலைச் சுற்றி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். உள்ளே திருப்பிப் பார்த்து நறுக்குங்கள்.

பீரோவில் ஒரு வில்லன்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். "அவங்கப்பா போட்ட ஸ்வெட்டர், பத்திரமா வெச்சிருக்கேன்" என்று பாட்டி பீரோவைத் திறப்பார். குப்பென்று அந்துருண்டை வாசனை! அதை அப்படியே பேரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.

பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன், வாசனை வழியாகவும் தோல் வழியாகவும் குழந்தையின் உடம்பில் சேரும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்த சிவப்பணுவில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. நாப்தலீன் பட்டால் அவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாக ஏறும். மூளையையே பாதிக்கலாம். குழந்தை மஞ்சளாகி, பால் குடிக்காமல் துவண்டாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அந்துருண்டை விஷயத்தையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பச்சைக் குழந்தைக்குப் புதிதாகப் பின்னுவதே நல்லது. கம்பளியைப் பூச்சி அரிப்பது வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால்தான் அதிகம். துவைத்து நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் போட்டு வைத்தால் உருண்டையே தேவையில்லை.

துவைக்கும் விதம்: வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டை அல்லது லேசான ஷாம்பு. வெந்நீரும் கசக்கலும் கம்பளியைச் சுருக்கிவிடும். முறுக்கிப் பிழியாமல் டவலில் சுருட்டி அழுத்தி, நிழலில் தரையில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் போட்டால் தொங்கி நீண்டுவிடும்.

இவர்களையும் நினையுங்கள்

கீமோதெரபியில் முடி உதிர்ந்தவர்களுக்குத் தலைத்தோல் ரொம்ப மென்மையாக இருக்கும். கம்பளி வேண்டாம். பருத்தி நூலில், தையல் வெளிப்பக்கம் வரும்படி பின்னுங்கள். ஒரு முறை துவைத்துவிட்டே கொடுங்கள். பிடித்த கலர் என்ன என்று கேட்டுவிட்டு நூல் வாங்குங்கள். அந்த ஒரு கேள்வியே அவர்களுக்கு ஆறுதல்.

உங்கள் கையும் முக்கியம்!

அரை மணிக்கு ஒரு முறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்குங்கள். முழங்கைக்கு ஒரு தலையணை, இடது தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம். சால்வையின் கனம் மணிக்கட்டில் இறங்காமல் மடியில் கிடக்கட்டும். கட்டை விரலிலிருந்து நடு விரல் வரை மரத்துப் போனாலோ, ராத்திரி சுரீரென்று இழுத்தாலோ பின்னுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். "இன்னும் நாலு வரிசைதானே" என்பதுதான் வம்பு!

எங்கள் மாமனார் கதைக்கு வருகிறேன். அடுத்த வருஷம் நூல் வாங்க அவரையே பெரிய கடைவீதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்டு கண்டாக எடுத்துக் கழுத்தில் வைத்துப் பார்த்து, "இது பிடுங்கலை" என்று அவரே தேர்ந்தெடுத்தார். துவாரம் வைத்த குட்டை மஃப்ளர். அந்த மார்கழியில் ஒரு நாள்கூட அதைக் கழற்றவில்லை. "எங்கே வாங்கினேள்?" என்று கியூவில் யாரோ கேட்டார்களாம். "வாங்கலை, எங்காத்து நாட்டுப்பெண் பின்னினது" என்றாராம்.

கார்த்திகை வருவதற்குள் ஊசியை எடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால், யாருக்குப் பின்னப் போகிறீர்களோ அவர்களைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அளவெடுக்கிற டேப்பை அப்புறம் தேடிக்கொள்ளலாம்!