மணலில் எழுதிப் பழகிய மாணவர்

வீட்டைவிட்டு விடுதிக்குப் போன முதல் வாரத்தை யாரும் எளிதில் மறப்பதில்லை. மெட்ரிகுலேஷனோ, பாலிடெக்னிக்கோ, கடல் தாண்டி சபாவில் ஒரு பல்கலைக்கழகமோ, எங்கே போனாலும் கதை ஏறத்தாழ ஒன்றுதான். அறைத்தோழர் பேசுவது பாதிதான் புரியும். கேன்டீன் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. இரவில் அம்மா வீடியோ அழைப்பில் வந்தால், கண் கலங்குவது தெரியக்கூடாதென்று விளக்கை அணைத்துவிட்டுப் பேசியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்.

அந்த அழைப்பே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதினால் அது கப்பலில்தான் போகும். பதில் வர ஓராண்டுக்கு மேல் ஆகும். கப்பல் மூழ்கினால் அதுவும் இல்லை. இப்படி ஓர் ஊருக்கு வந்து சேர்ந்த இளைஞர் ஒருவரின் அன்றாட வாழ்க்கையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அவர் படிக்க வந்த மொழி நம்முடைய தமிழ்.

பெயர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்துபோக, அக்காவின் கவனிப்பில் வளர்ந்தார். இளமையிலிருந்தே வயிற்று நோய். நீண்ட பயணத்துக்குத் தாங்காத உடம்பு என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக், தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்ப விரும்பியபோது இவரும் ஹென்ரிக் புளூச்சோ என்ற நண்பரும் முன்வந்தார்கள். 1705 நவம்பர் இறுதியில் கோப்பன்ஹேகனிலிருந்து 'சோபியா ஹெட்விக்' என்ற கப்பல் புறப்பட்டது. தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய நாள் 1706 ஜூலை 9. ஏழு மாதத்துக்கும் மேலான கடற்பயணம்!

கரையில் மாலை மரியாதை எதுவும் இல்லை. டேன்ஸ்போர்க் கோட்டையின் தலைவர் ஹாசியஸுக்கு இந்த இரு இளைஞர்களும் வந்ததே பிடிக்கவில்லை. வணிகம் நடக்கும் இடத்தில் மிஷனரிகள் எதற்கு என்பது அவர் எண்ணம். அரசர் அனுப்பியவர்கள் என்று தெரிந்தும் அவர்களைக் கடைத்தெருவில் நிற்கவிட்டுப் போய்விட்டார். வேறொருவர் இரக்கப்பட்டுத் தங்க இடம் தந்தார்.

அடுத்து மொழிச் சிக்கல். அங்கிருந்த ஐரோப்பியர்கள் உள்ளூர் மக்களோடு போர்த்துகீசிய மொழியில் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கற்றால் போதும் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். சீகன்பால்கு அதையும் கற்றார், ஆனால் அதோடு நிற்கவில்லை. முதிய தமிழ் ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தையே தம் வீட்டில் நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் 'அ', 'ஆ' எழுதிப் பழகுவார்கள். அவர்களுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து, பல்கலைக்கழகம் வரை போன இந்த ஜெர்மன்காரரும் மணலில் எழுதினார்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது ஆள். பக்கத்தில் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை அவரைவிட நன்றாக எழுதுகிறது. தவறு செய்தால் சிரிக்கவும் செய்திருக்கும். தமிழில் பேசினால் 'ழ'கரம் வராது, நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று வாயே திறக்காத மாணவர்களை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது இந்த மணல் கதையைத்தான்.

எழுத்து வந்துவிட்டது, பொருள் தெரியவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. அங்கேதான் அழகப்பன் என்பவர் வருகிறார். ஐரோப்பியர்களின் குறிப்புகளில் 'அலெப்பா' என்று இருப்பவர். பல ஐரோப்பிய மொழிகளில் பேசத் தெரிந்த துபாஷி. அவர் வழியாகத்தான் சொற்களுக்குப் பொருள் விளங்கத் தொடங்கியது. பின்னாளில் அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளாகி இவர் தரங்கம்பாடியிலிருந்தே விரட்டப்பட்டார். தமிழ்ப் படிப்பு வரலாற்றில் நாம் அதிகம் பேசாத பெயர்களில் இதுவும் ஒன்று.

தம்முடைய ஒரு நாள் எப்படிப் போனது என்பதை சீகன்பால்குவே எழுதி வைத்திருக்கிறார். காலை ஏழு முதல் எட்டு வரை, முன்பு குறித்து வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் படிப்பது. எட்டு முதல் பன்னிரண்டு வரை, இதுவரை படிக்காத தமிழ் நூல்கள் மட்டும். அந்த நான்கு மணி நேரமும் பக்கத்தில் வயதான புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் இருப்பார்கள். புதிய சொல் வந்தால் எழுத்தர் உடனே எழுதிக்கொள்வார். செய்யுள் கடினமாக இருந்தால் புலவர் அதைப் பேச்சுத் தமிழில் விளக்குவார். சாப்பிடும்போதும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் வாசிப்பு. இரவு ஏழு முதல் எட்டு வரை, கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதற்காகப் பிறர் படிக்க இவர் கேட்பார். சில நூல்களை நூறு முறைகூடப் படித்ததாகச் சொல்கிறார்.

இது தேர்வுக்கு முந்தைய வாரத்து அட்டவணை அன்று. ஆண்டுக்கணக்கில் இப்படித்தான். இதற்கிடையேதான் பிரசங்கமும், பள்ளிக்கூடமும், நோயாளிகளைப் பார்ப்பதும். வந்து ஓராண்டு கழிந்து, 1707 ஆகஸ்ட் 14 அன்று, தாங்கள் கட்டிய சிறிய தேவாலயத்தின் திறப்பு விழாவில் தமிழிலும் பிரசங்கம் நடந்தது.

அவர் படித்தவை அச்சுப் புத்தகங்கள் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாம் ஓலைச்சுவடிகள். சுவடியில் புள்ளி இருக்காது. 'க்'கும் 'க'வும் ஒரே மாதிரி. சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. பிறப்பால் தமிழரான நமக்கே இன்று ஓர் ஓலையைக் கையில் கொடுத்தால் தலை சுற்றும். 1708இல் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். நூறுக்கும் மேற்பட்ட நூல்கள். தொல்காப்பியமும் திருக்குறளும் அதில் உண்டு. அதே ஆண்டு உலகநீதியையும் கொன்றை வேந்தனையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழ்ப்பள்ளியில் நாம் மனப்பாடம் செய்து ஒப்பித்த அதே நூல்கள்!

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வந்தது தமிழ் வளர்க்க அல்ல. தமிழர்களைத் தம் சமயத்துக்கு மாற்றத்தான். நம் வழிபாட்டு முறைகளை அவர் கடுமையாகக் குறை கூறியும் எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போது நமக்கு உறுத்தத்தான் செய்யும். ஆனால், அறிவு இல்லாத மக்கள் என்று எண்ணி வந்ததாகவும், அவர்களுடைய நூல்களைத் தாமே படித்த பிறகு அந்த எண்ணம் மாறிப்போனதாகவும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டவரும் அவரே. தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி விரிவான ஒரு நூலை 1713இல் எழுதி முடித்து ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலே நகரில் இருந்த அவருடைய ஆதரவாளர் பிராங்கேவுக்கு அது பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்பவா என்பது அவர் கேள்வி. நூல் தூங்கியது. 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

தரங்கம்பாடியிலும் நிம்மதி இல்லை. கடன் வழக்கு ஒன்றில் ஏழை விதவை ஒருவருக்காக இவர் பேசப்போக, ஹாசியஸ் அதைக் கலகமாகவே எடுத்துக்கொண்டார். 1708 நவம்பரில் வீரர்களை அனுப்பிப் பிடித்து, கோட்டைக்குள் அடைத்தார். நான்கு மாதச் சிறை. எழுதுகோலும் மையும்கூட முதலில் மறுக்கப்பட்டன. புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 1709 மார்ச்சில் வெளியே வந்தவர், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மொழிபெயர்ப்பு முடிந்தது 1711 மார்ச் 31 அன்று.

அதை அச்சிட்ட கதை தனிக்கதை. இங்கிலாந்திலிருந்து அனுப்பிய அச்சு இயந்திரம் வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கூடவே வந்த அச்சுத் தொழிலாளி இறந்துபோனார். பணம் கொடுத்து மீட்ட இயந்திரம் வந்து சேர்ந்தது. பிறகு ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியவை. அப்படியே அச்சிட்டால் இருக்கும் காகிதம் பாதியில் தீர்ந்துவிடும். சிறிய எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். கிடைத்தது பாலாடைக்கட்டி வந்த ஈய டப்பா! அதை உருக்கித்தான் எழுத்து வார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. தமிழின் முதல் அச்சு நூல் இதுதான் என்று சிலர் பொதுஅறிவுப் போட்டிகளில் எழுதிவிடுகிறார்கள். தவறு. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இதற்கு மிக முந்தியது.

இதற்கிடையே ஒருமுறை ஐரோப்பா போனார். 1716இல் மரியா டோரோத்தியா என்ற பெண்ணை மணந்து, அதே ஆண்டு மனைவியோடு தரங்கம்பாடி திரும்பினார். லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் அந்த ஆண்டுதான் ஹாலேயில் வெளியானது. திரும்பி வந்தவருக்குக் காத்திருந்தது மற்றொரு வகைத் துன்பம். மிஷனரிகள் கட்டடம் கட்டக் கூடாது, குடும்பம், பள்ளி என்று காலூன்றக் கூடாது, அன்றைய சீடர்களைப்போல ஊர் ஊராகப் போக வேண்டும் என்று கோப்பன்ஹேகன் அலுவலகத்திலிருந்து கடுமையான கடிதங்கள் வரத் தொடங்கின. மாதக்கணக்கில் கடல் கடந்து வரும் கடிதத்தில் திட்டு இருந்தால், உடனே ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவும் வழியில்லை. ஏற்கெனவே நலிந்த உடம்பு அதோடு விழுந்துவிட்டது. 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். வயது 36. நான்கு மாதத்துக்கு முன் திறந்த புதிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அந்தத் தேவாலயம் தரங்கம்பாடியில் இன்றும் இருக்கிறது.

மேசைமேல் பழைய ஏற்பாட்டின் தமிழாக்கம் பாதியில் கிடந்தது. பின்னால் வந்த சூல்ட்சே என்பவர்தான் மீதியை முடித்தார். சீகன்பால்கு நிறுத்திய இடம் ரூத் என்ற சிறிய நூல். பிறந்த ஊரை விட்டு, வேற்று நாட்டு மக்களைத் தன் மக்களாக ஏற்றுக்கொண்டு போன ஓர் இளம்பெண்ணின் கதை அது.