தொண்டு முடிந்தது, வேலை எங்கே?

தேவதானப்பட்டியில் ஒரு வீட்டுத் திண்ணை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாய் விரித்து, இருபது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டப்படிப்பு முடித்தவர். ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இப்போது அந்த மையம் இல்லை. பிள்ளைகள் ‘அக்கா’ என்று கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. வீட்டிலோ ஒரே கேள்வி: “அடுத்து என்னம்மா?”

இந்தக் கேள்வி எழும் வீட்டை மோப்பம் பிடித்து ஒரு புரோக்கர் வருவார். “செகரட்டேரியட்ல நமக்கு ஆளு இருக்கு. தன்னார்வலரா இருந்தவங்களை நிரந்தரம் பண்ணப் போறாங்க. முதல்ல ரெண்டு லட்சம் கட்டிருங்க, ஆர்டர் வந்ததும் மீதி.”

அவர் விற்பது வேலையை அல்ல, இல்லாத ஓர் உரிமையை. தொண்டு செய்த காலம் சட்டப்படி எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துவிட்டால் அவர் பேச்சு எடுபடாது.

எது உங்களுடையது?

கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது விடுபட்ட படிப்பை மீட்க, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை கற்பிக்க பிளஸ் டூ, ஆறு முதல் எட்டுவரை பட்டப்படிப்பு என்று தகுதி வைத்தார்கள். கொடுத்தது ஊக்கத்தொகைதான், சம்பளம் அல்ல. மத்திய அரசின் தேசிய இளைஞர் தன்னார்வலர் திட்டத்திலும் இதே நிலைதான். மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் உண்டு. ஆனால் அது வேலைவாய்ப்பு ஆகாது, அதைக் காட்டி அரசு வேலை கேட்க முடியாது என்று அந்தத் திட்ட விதியே சொல்கிறது.

தற்காலிக ஊழியர்களின் நிலையே கடினம். 2006 ஏப்ரல் 10 அன்று உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்தவர்கள் நிரந்தரப் பணியை உரிமையாகக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, தன்னார்வலரைக் கமுக்கமாக நிரந்தரமாக்கும் ‘ஆர்டர்’ எங்கிருந்து வரும்?

நம்மூர் மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலில் சாத்திய கதவுக்குத்தான் பூசை. அது பக்தி. வேலை விஷயத்தில் சாத்திய கதவுக்குக் காணிக்கை வைத்தால் வாங்கிக்கொள்வது அம்மன் அல்ல.

உங்களுக்கென்று இருப்பவை வேறு: பணிச் சான்று, ஊக்கத்தொகை வரவு காட்டும் வங்கிப் பாஸ்புக், வருகைப் பதிவு, தலைமையாசிரியரின் பரிந்துரைக் கடிதம். இவற்றை ஆள் மாறும் முன்பே வாங்கி வையுங்கள். நேர்காணலில் “சும்மா இருந்தேன்” என்று சொல்ல வேண்டாம். “இருபது பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தேன், பெற்றோர் கூட்டம் நடத்தினேன்” என்று சொல்லுங்கள்.

டீச்சர் ஆக வேண்டும் என்றால்

பாடம் சொல்லிப் பழகியவர்களுக்கு முதலில் தோன்றுவது ஆசிரியர் வேலை. கையில் இருக்கும் பணத்தைக் கட்டி பி.எட். சேருமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதி ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒன்று முதல் ஐந்துவரை கற்பிக்க வேண்டுமானால் தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பும், ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளும் வேண்டும். ஆறு முதல் எட்டுவரை என்றால் பட்டம், பி.எட்., இரண்டாம் தாள். சின்னப் பிள்ளைகளோடு இருக்க ஆசைப்பட்டு பி.எட். முடித்தால் இரண்டு ஆண்டும் பணமும் போயும் ஆசைப்பட்ட வகுப்பறைக்குள் நுழைய முடியாது.

மற்ற வழிகள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். அதில் தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காதவர்களின் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தேனியில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம், நம் வழக்கில் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ், வெறும் பதிவு செய்யும் இடம் அல்ல. அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டம் வழியாகப் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி உண்டு. தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் கட்டணம் கிடையாது. பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் பதிவு மூப்பு போய்விடும்.

பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு மாநில அரசு உதவித்தொகை தருகிறது. பத்தாவது தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய், மூன்று ஆண்டுவரை. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சிறு தொகைதான், விண்ணப்பக் கட்டணத்துக்காவது ஆகும். சொந்தத் தொழில் எண்ணம் உள்ளவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். எட்டாம் வகுப்பு தேறியவர்களுக்கும் 25 சதவீத மானியத்தோடு வங்கிக் கடன் வாங்கித் தரும் திட்டம் அங்கே இருக்கிறது.

எந்த வழி என்று முடிவு செய்யுமுன் மூன்று கணக்குப் போடுங்கள்: எத்தனை மாதம் ஆகும், எவ்வளவு செலவாகும், கிடைக்காவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் ‘ஒன்றுமில்லை’ என்றால், ஒரு கெடு வைத்துவிட்டு இறங்குங்கள்.

பணம் கேட்கிறார்களா?

நேர்மையான முதலாளி வேலை கொடுக்கப் பணம் கேட்பதில்லை. ‘டிரெய்னிங் ஃபீஸ்’, ‘யூனிஃபார்ம் டெபாசிட்’, ‘லேப்டாப் செக்யூரிட்டி’ என்று பெயர் எதுவானாலும் பணத்தை முன்னால் கேட்டால் விலகிவிடுங்கள். டெலிகிராமில் ‘ரேட்டிங் போட்டால் காசு’ என்று அழைத்து, முதலில் 200, 300 ரூபாய் தந்து ஆசை காட்டி, பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வதும் இதே வலைதான்.

அரசு வேலைக்கு லஞ்சம் கொடுப்பதில் இன்னோர் ஆபத்து உண்டு. 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்தவருக்கு மட்டும் விலக்கு.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். கல்விச் சான்று அடகுப் பொருள் அல்ல என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. வேலையில் சேர்ந்தால் நியமனக் கடிதம் கேளுங்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதைக் கட்டாயமாக்கியுள்ளன.

கடல் கடந்து போகிறீர்களா?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் உரிமம் வேண்டும். முகவரின் உரிம எண்ணை ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். உரிமம் உள்ளவரும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது, ரசீதும் தர வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

“டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்” என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். தாய்லாந்தில் ‘டேட்டா என்ட்ரி’ என்று நம்பிப் போனவர்கள் மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைபட்டார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மூடி மறைப்பதுதான் மோசடிக்காரரின் பலம். இணையம், ஜிபே வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. நேரில் ஏமாற்றியிருந்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஊரில் ‘ஃபோர் ட்வென்ட்டி’ என்கிறோமே, அந்தக் குற்றம் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் வருகிறது. தண்டனை ஏழு ஆண்டுவரை. நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அடுத்து நீதித்துறை நடுவரை அணுகலாம்.

வேலை செய்த கூலியைத் தராவிட்டால் தொழிலாளர் துறையிடம் போங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, போன் எண், எதையும் அழிக்காதீர்கள்.

திண்ணையில் பாடம் சொன்ன அந்தப் பெண்ணுக்கு இந்த வாரம் ஒரு வேலை இருக்கிறது. சான்றுகளின் நகலை ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு, ஒரிஜினலை வீட்டுப் பீரோவிலேயே பூட்டிவிட்டு, தேனி பஸ் ஏற வேண்டும். பஸ் டிக்கெட்டைத் தவிர அங்கே யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.