"தப்பு யாருது?" – வெளிநாட்டுக்காரரிடம் எந்தச் சொல்லைச் சொல்வது

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு எதிரே உங்கள் ஆட்டோவை ஓரமாக நிறுத்தியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை ஸ்கூட்டரில் வந்த செக் நாட்டுக்காரர் ஒருவர் உரசிவிட்டார். பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கீழே கிடக்கிறது. அவர் இறங்கி வந்து, "இட்ஸ் மை ஃபால்ட்" என்கிறார். முழங்கைச் சிராய்ப்போடு நிற்கிற மனிதரைப் பார்த்து உங்களுக்கும் இரக்கம். "நோ சார், ஐ ஆல்சோ கில்டி" என்று சொல்லிவைக்கிறீர்கள்.

நீங்கள் சொல்ல நினைத்தது, "பரவாயில்லை சார், நானும் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்தியிருக்கலாம்" என்பது. அவர் காதில் விழுந்ததோ, "நானும் குற்றவாளி" என்று. பக்கத்தில் யாராவது செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் அது இன்னும் சிக்கல்.

அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

'ஃபால்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு வேலை. ஒன்று, யாரால் இது நேர்ந்தது என்பதைச் சொல்வது. நம் 'தப்பு', 'தவறு' போல. இன்னொன்று, பொருளில் உள்ள பழுது. உங்கள் லாட்ஜில் தங்கியிருப்பவர் "தேர் ஈஸ் எ ஃபால்ட் இன் த கீசர்" என்றால் அவர் உங்களைத் திட்டவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்கிறார், அவ்வளவுதான்.

'பிளேம்' என்பது பழி. தப்பு நடந்ததா இல்லையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதை ஒருவர் தலையில் வைப்பதுதான் பிளேம். "டோன்ட் பிளேம் மீ" என்றால், "என் மேல் பழி போடாதே". தப்பே செய்யாதவர் மேலும் பழி விழும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'கில்டி' எடை கூடிய சொல். நீதிபதி வாயில் வந்தால் 'குற்றவாளி' என்ற தீர்ப்பு. தனிப்பேச்சில் வந்தால் மனசாட்சி உறுத்துகிறது என்று பொருள். கண்ணாடி உடைந்ததற்கெல்லாம் அந்தச் சொல் வேண்டாம். தெரியாமல் நேர்ந்ததற்கு 'மிஸ்டேக்' போதும்.

செக் மொழியில் எப்படி?

நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால், எதிரே நிற்கும் மனிதருக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான். நம் ஆங்கிலத்துக்குள் தமிழ் ஒளிந்திருப்பதுபோல அவருடையதற்குள் செக் ஒளிந்திருக்கிறது. அங்கே ஃபால்ட், பிளேம், கில்ட் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்: 'வினா', கடைசி எழுத்தைச் சற்றுக் குறுக்கிச் சொல்ல வேண்டும். நம் வினாவுக்கும் வினைக்கும் அதற்கும் உறவு கிடையாது, வெறும் ஒலி ஒற்றுமை. ஆனாலும் ரமணர் வழியில் 'நான் யார்' என்று வினவ இந்த ஊருக்கு வந்தவர் வாயில் அது வரும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது.

சிறு பிசகுக்கு அவர்கள் 'ஹிபா' என்பார்கள். "யே தொ மொயே ஹிபா" என்றால், "என் தப்புதான்". ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிட்டால் 'ஒமில்'. கீசர் பழுதுக்கு 'ஸாவடா' என்று தனிச்சொல் இருக்கிறது. பழி போடுவதற்கு, 'வினா'வை ஒருவர் மேல் உருட்டிவிடுவது என்பார்கள். நாம் அடுத்தவன் தலையில் கட்டுகிறோம், அவர்கள் உருட்டுகிறார்கள். செய்கிற காரியம் ஒன்றேதான்.

ஆக, செக் நாட்டுக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் "ஐ ஆம் கில்டி" என்று சொன்னாலும் அவர் மனதில் இருப்பது வெறும் 'ஹிபா'வாக இருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு "அவரே ஒப்புக்கொண்டார்" என்று குதிக்காதீர்கள்.

தமிழில் இவ்வளவு பிரிவு உண்டா?

தாராளமாக உண்டு. நம்மூர்த் தலபுராணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்வதி விளையாட்டாக ஈசன் கண்ணைப் பொத்தினாள்; உலகம் இருண்டது. கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் விளைவு பெரிது. அது பிழை. ஈசனின் அடியைத் தேடிப் போன திருமால் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார்; முடியைத் தேடிப் போன பிரம்மனோ காணாமலே கண்டேன் என்றார். அது தெரிந்தே செய்த குற்றம். அதற்குச் சாட்சி சொன்ன தாழம்பூவினுடையது பொய்ச்சாட்சி. பார்வதி தவமிருந்து இடப்பாகம் பெற்றாள். பிரம்மனுக்குத் தனிக்கோயில் இல்லாமல் போனது, தாழம்பூ சிவபூசையிலிருந்தே விலக்கப்பட்டது.

இன்றைய சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் பிரிக்கிறது. கவனக்குறைவு வேறு, தெரிந்து செய்வது வேறு, பொய்யாகப் பழி சுமத்துவது வேறு. ஒருவர் மேல் பொய் என்று தெரிந்தே போலீசில் புகார் கொடுத்தால், கொடுத்தவர் மேலேயே வழக்குப் பாயும். கண்ணாடிக் காசை வாங்குவதற்காக, "குடித்துவிட்டு வந்தார்" என்று சும்மா சேர்த்து எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

மரியாதைக்கு "என் தப்புதான்" என்று சொல்லலாமா?

வண்டி விஷயத்தில் வேண்டாம். உங்கள் மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: கம்பெனியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் நீங்கள் பொறுப்பை ஒப்புக்கொள்ளக்கூடாது, பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. "நான் பார்த்துக்கொள்கிறேன் சார், ஆஸ்பத்திரிச் செலவு என்னுது" என்று நல்ல மனதோடு சொன்னதைக் காட்டியே பின்னால் கம்பெனி தகராறு செய்ய முடியும்.

அப்படியானால் கல்லுமாதிரி நிற்க வேண்டுமா? வேண்டாம். "சாரி சார், ஆர் யூ ஹர்ட்?" என்று கேளுங்கள், தண்ணீர் கொடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வருத்தம் தெரிவிப்பது வேறு, பொறுப்பை ஏற்பது வேறு.

போலீசிடம் சொன்னால்?

போலீஸ் அதிகாரியிடம் "நான்தான் செய்தேன்" என்று சொன்ன ஒப்புதலை அப்படியே நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக நிரூபிக்கச் சட்டம் விடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது. விசாரணையின்போது அவர்கள் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவும் கூடாது. நீங்களாகக் கொடுக்கும் புகாரில் மட்டும் கையெழுத்து வேண்டும். தெருவில் ஊரறியச் சொன்ன சொல்லுக்கும், செல்போனில் பதிந்த பேச்சுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எங்கே வாயை அடக்க வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

தப்பு அடிபட்டவர் பக்கம் என்றால் இழப்பீடு போய்விடுமா?

பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரவேண்டிய சந்தேகம் இது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இராத்திரி முழுக்கக் கூட்டம் நடக்கிறது. யாராவது ஒருவர் மேல் வண்டி பட்டால், "சாலை நடுவில் நடந்தார், அவர் மேல்தான் தப்பு" என்று டிரைவர் முந்திக்கொள்வார். அடிபட்டவர் குடும்பமும் அதை நம்பிச் சும்மா இருந்துவிடும். இருக்கக்கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் யார் தப்பு என்பதை நிரூபிக்கவே தேவையில்லை. இறந்தால் 5 லட்சம் ரூபாய். கொடுங்காயம் (எலும்பு முறிவு போன்ற பெருங்காயம்) என்றால் இரண்டரை லட்சம். வண்டி இடித்தது என்பது போதும்.

அதற்கு மேல் வேண்டுமானால் 166-ஆம் பிரிவு. அங்கே வயது, வருமானம் பார்த்துத் தொகை போடுவார்கள், ஆனால் ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்டியாக வேண்டும். நடந்தவர் பேரிலும் பங்கு இருந்தால் அந்த அளவுக்குக் கழிப்பார்கள். தீர்ப்பாயம் (விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம்) 8 லட்சம் என்று கணக்கிட்டு, கால் பங்கு தப்பு அவருடையது என்று முடிவு செய்தால் கையில் வருவது 6 லட்சம். இரண்டு வழியிலும் சேர்த்து வாங்க முடியாது. எது உங்களுக்கு நல்லது என்று வக்கீலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

இடித்துவிட்டு வண்டி நிற்காமல் போய்விட்டால்? பழி போட ஆளே இல்லை. அப்போதும் வழி இருக்கிறது: உயிர் போனால் 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், அரசுத் திட்டத்தில். வருவாய்க் கோட்ட அளவில் உள்ள அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

ஸ்கூட்டரை வாடகைக்கு விட்டவருக்கு என்ன பொறுப்பு?

சொந்த உபயோகத்துக்குப் பதிவான, வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அந்த இன்சூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. விபத்து என்று வந்தால் கம்பெனி கைகழுவப் பார்க்கும். அடிபட்டவருக்குக் கொடுத்தாலும் உங்களிடம் திருப்பிக் கேட்கும். ஓட்டியவர் ப்ராக்குக்கு விமானம் ஏறியிருப்பார், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். அவரிடம் சர்வதேச ஓட்டுநர் பர்மிட் இருக்கிறதா என்றாவது பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

புகாரில் எந்தச் சொல்லைப் போடுவது?

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்களிடம் ஒரு வாசகம் எப்போதும் தயாராக இருக்கும்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து". அஜாக்கிரதை என்றால் கவனக்குறைவு. வேகத்தை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால் எழுதச் சொல்லுங்கள். டீக்கடைக்குள் இருந்தபோது சத்தம் மட்டும் கேட்டதென்றால் அதையே எழுதச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது அந்த வாசகத்தில்தான்.

'குற்றவாளி' என்று யாரையும் எழுத வேண்டாம். வழக்குப் போட்டபின் அவர் குற்றம் சாட்டப்பட்டவர். தீர்ப்பு வந்தபின்தான் குற்றவாளி. பழி, பாவம், அநியாயம் எல்லாம் வீட்டில் பேசிக்கொள்ளலாம். மனுவுக்கு இது போதும்: "மாலை 5 மணி அளவில், செங்கம் சாலையில் இடது ஓரமாக நிறுத்தியிருந்த என் ஆட்டோவின் வலப்பக்கக் கண்ணாடியில், பின்னாலிருந்து வந்த ஸ்கூட்டர் மோதியது. கண்ணாடி உடைந்தது. ஓட்டிவந்தவருக்கு முழங்கையில் சிராய்ப்பு." இப்படி எழுதினால் தப்பு யாருது என்று தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை.

அந்தச் செக் நாட்டுக்காரரின் வாக்குமூலத்தை நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லும்படி போலீஸார் கேட்டால், அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழெழுத்தில் எழுதச் சொல்லிவிட்டு, அருகில் பொருளைச் சொல்லுங்கள். 'ஃபால்ட்' என்றாரா, 'கில்டி' என்றாரா என்பது பின்னால் தேவைப்படலாம். டெல்லியில் அவர்கள் நாட்டுத் தூதரகம் இருக்கிறது. அங்கே பேச வேண்டும் என்று அவர் கேட்டால் குறுக்கே நிற்காதீர்கள்.

முதல் தகவல் அறிக்கை (புகாரைப் பதிவு செய்து போலீஸ் எழுதும் முதல் ஆவணம்) போட்டால், புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், வண்டி எண் சரியா என்று பாருங்கள். நகலைக் கையில் வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள். இன்சூரன்ஸ் ஆபீசில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.