விமான தூரம், பயண நேரம்: எக்ஸெல்லில் நீங்களே கணக்கிடலாம்

எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் பல வீடுகளில் மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் ஊருக்குக் கிளம்பினால், இணையத்தில் இரண்டு நகரங்களின் பெயரைக் கொடுத்து தூரமும் நேரமும் பார்க்கிறோம். அந்த நேரத்தை நம்பி விமான நிலையத்துக்குக் கார் அனுப்பலாமா? எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று பார்ப்போம்.

முதலில் பக்கத்து ஊர். ராஜபாளையம் 9.45 டிகிரி வடக்கு, 77.55 கிழக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் 9.51 வடக்கு, 77.63 கிழக்கு. அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கி.மீ.; தீர்க்கரேகையில் நம் பகுதியில் சுமார் 109.5 கி.மீ. ஆக, வடக்கே 6.7, கிழக்கே 8.8 கி.மீ. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றப்படி நேர்க்கோட்டு தூரம் 11 கி.மீ.

இதே முறையில் சான்பிரான்சிஸ்கோ - பெங்களூரு தூரத்தைக் கணக்கிட்டால் 16,000 கி.மீ.க்கு மேல் வரும். சரியான விடை சுமார் 13,990 கி.மீ. பூமி உருண்டை என்பதால் தட்டையான கணக்கு இங்கே செல்லாது.

எக்ஸெல்லில் இப்படிச் செய்யுங்கள். இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். இரு அட்சரேகைகளின் கோசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் தனியே பெருக்கி, முதல் விடையுடன் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் ஆர்க்கோசைனை 6371 ஆல் பெருக்கினால் கி.மீ. கிடைக்கும். மேற்கு தீர்க்கரேகைக்கு மைனஸ் குறி போடவும். டிகிரியை முதலில் ரேடியனாக மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் பிழைச் செய்தி வராது. தவறான விடைதான் வரும்.

அடுத்து நேரம். தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்தால் பதினைந்தரை மணி நேரம். ஆனால் 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்த வழியில் தொடங்கிய நேரடி விமானத்தின் அட்டவணையைப் பாருங்கள். 9ஆம் தேதி இரவு 8.30க்குப் புறப்பாடு, 11ஆம் தேதி அதிகாலை 3.45க்கு வருகை. இடைவெளி 31 மணி 15 நிமிடம். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் இந்தியா பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அதைக் கழிக்க வேண்டும். மீதி 17 மணி 45 நிமிடம். வகுத்து வந்ததைவிட இரண்டேகால் மணி நேரம் அதிகம்! ஓடுதளம் வரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது, காற்றின் போக்கு, பாதை மாற்றம் எதுவும் அந்த வகுத்தலில் இல்லை.

எனவே தூரக் கணக்கை உத்தேசத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கார் அனுப்பவும், அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுக்கவும் விமான நிறுவன அட்டவணையையே பாருங்கள். எக்ஸெல்லில் தேதியையும் நேரத்தையும் ஒரே செல்லில் எழுதி, இரு ஊர் நேரத்தையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிய பிறகு கழியுங்கள். அமெரிக்காவில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள்; அப்போது வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம்தான். அதை விட்டுவிட்டால் கணக்கில் முழுதாக ஒரு மணி நேரம் தவறிவிடும்.